கூண்டுக்குள் நீளும் கை: பட்ஜி வளர்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லித் தருகிற பட்ஜியை ஆசையாக வாங்கி வந்தோம், எங்களைக் கண்டாலே அரண்டு ஓடுகிறது, என்ன செய்வது? அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அம்மா, மகள் கேட்டாளே என்று ஒரு ஜோடி பட்ஜி வாங்கி ஒரு மாதம் ஆகிறது. தீனி வைக்கக் கையை விட்டாலே இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டு கம்பியில் முட்டுகின்றன. மற்ற நேரம் பானைக்குள் பதுங்கிவிடுகின்றன. தினமும் துண்டைப் போட்டுப் பிடித்துக் கையில் வைத்திருந்தால் பழகிவிடும், இறகையும் வெட்டிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
வாசகர், அனுப்பானடி

துண்டைத் துவைத்துக் கொடியில் போடுங்கள். அதற்கு இங்கே வேலை இல்லை.

பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டங்கூட்டமாகத் திரிகிற பறவை. மேலேயிருந்து பாய்ந்து பிடிப்பது எதுவானாலும் அதற்கு வல்லூறுதான். துண்டுக்குள் பிடித்து வைத்தால் சற்று நேரத்தில் அசையாமல் கிடக்கும். ‘பாருங்க, பழகிருச்சு’ என்பார்கள். பழகவில்லை, பயத்தில் விறைத்துப் போயிருக்கிறது. மறுநாள் உங்கள் கையைப் பார்த்ததும் முன்னைவிட வேகமாக ஓடும்.

அடுத்து அந்தப் பானை. நம் ஊரில் ஜோடி வாங்கினால் கூடவே பானையையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். காட்டில் மரப்பொந்தில் முட்டையிடுகிற பறவைக்குப் பானை என்றால் பொந்து. பெட்டை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு காவல் காக்கும், கிட்டே வந்தால் கடிக்கும். ஒளிய இடம் இருக்கும்போது உங்களைப் பார்த்துப் பழக அதற்கு என்ன அவசரம்? பானையை எடுத்துவிடுங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் மட்டும் குஞ்சுகள் இறங்கித் தானாகத் தின்னும்வரை பொறுங்கள்.

கூண்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். தரையில் வைத்தால் நாம் எல்லோரும் அதற்கு மேலேயிருந்து வருகிறவர்கள். வாசலுக்கும் டிவிக்கும் நடுவே வேண்டாம். அடுப்படியில் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை, நமக்கு மணம்கூடத் தெரியாமல், பறவையைக் கொன்றுவிடும்.

சரி, இனிப் பழக்குவதற்கு வருவோம். முதல் சில நாட்கள் கூண்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பூக்கட்டலாம், பேப்பர் படிக்கலாம், மகள் பாடத்தைச் சத்தமாக வாசிக்கலாம். பறவையையே உற்றுப் பார்க்காதீர்கள். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, மெலிந்து நெட்டுக்குத்தாக நின்றால் நீங்கள் இருப்பது ரொம்பக் கிட்டே. நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள். உங்கள் எதிரிலேயே தீனி தின்றால், இறகு கோதினால், ஒற்றைக் காலில் நின்று அலகைக் கறுக்முறுக்கென்று அரைத்தால், அது உங்களை ஆபத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

அப்புறம்தான் கை. தினைக் கதிர் ஒன்று வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் சொந்தக்காரர்கள் யாராவது தினை போட்டிருந்தால் மருந்தடிக்காத கதிராகக் கேட்டு வாங்கிக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும். அந்தக் கதிர் உங்கள் கையிலிருந்து மட்டுமே வர வேண்டும், கிண்ணத்தில் போடக் கூடாது. முதலில் கம்பிக்கு வெளியிலிருந்து, பிறகு கதவு வழியாக, எப்போதும் பக்கவாட்டில், மெதுவாக. பட்டினி போட்டால் சீக்கிரம் வரும் என்று யாராவது சொல்வார்கள். முப்பது நாற்பது கிராம் உடம்பு அது, பட்டினி தாங்காது.

இதில் சூட்சுமம் கையை நீட்டுவதில் இல்லை, எடுப்பதில் இருக்கிறது. கை உள்ளே போகும்போது பறவை லேசாக விறைக்கும். அங்கேயே நிறுத்துங்கள். உடம்பு தளர்ந்ததும், அது ஓடுவதற்கு முன்பே, கையை எடுத்துவிடுங்கள். அமைதியாக இருந்தால் கை போய்விடும் என்று அது கற்றுக்கொள்கிறது. படபடத்த பிறகு எடுத்தால், படபடத்தால் கை போய்விடும் என்றுதான் கற்றுக்கொள்ளும். அதற்காகப் படபடக்கிற பறவையை விரட்டிக்கொண்டு கையை உள்ளேயே வைத்திருக்கவும் கூடாது. அடுத்த தடவை இன்னும் தூரத்திலேயே நிறுத்துங்கள்.

என்னிடம் ஒரு மஞ்சள் பெட்டை இருந்தது. கால் இரண்டும் குச்சியை விடாமல் பிடித்திருக்கும். உடம்பை மட்டும் ரப்பர் மாதிரி இழுத்து நீட்டி ஒரே ஒரு தினையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய்விடும். உமியை உரித்துத் துப்புவது என் மணிக்கட்டில் விழும். அப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் ஒற்றைக் காலை என் நகத்தின்மேல் வைத்து அழுத்திப் பார்த்தது, எடுத்துக்கொண்டது, திரும்ப வைத்தது. அந்த நேரத்தில்தான் நமக்குக் கையைத் தூக்கிவிட ஆசை வரும். தூக்காதீர்கள். இரண்டு காலையும் வைத்துத் தின்னப் பழகிய பிறகு, கதிர் இல்லாமலும் விரலை அடிவயிற்றில், காலுக்குச் சற்று மேலே மெல்ல வைத்தால் ஏறிக்கொள்ளும்.

ஜோடி என்பதால் ஒற்றைப் பறவையைவிடத் தாமதமாகும். அதற்காகப் பிரிக்காதீர்கள். இரண்டில் ஒன்று துணிச்சலாக இருக்கும். அது தின்பதைப் பார்த்து மற்றதும் வரும்.

இறகு வெட்டுவதற்கு நான் எதிரி. விலகிப் போக வழியிருக்கிற பறவை திரும்பி வந்தால்தான் அது பழகிய பறவை. வெளியே விடும்முன் ஜன்னலைச் சாத்துங்கள், கண்ணாடியைத் துணியால் மூடுங்கள், வாளித் தண்ணீரை மூடி வையுங்கள். சீலிங் ஃபேன் கட்டாயம் நின்றிருக்க வேண்டும். மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், தெரியும். விடியற்காலையில் விடுங்கள்.

என் பட்ஜி விரலில் ஏறும்முன் அலகால் கடிக்கிறது. அலகில் ஒரு தட்டுத் தட்டினால் திருந்துமா? (கல்லூரி மாணவர், திருமங்கலம்)

தட்டாதீர்கள் தம்பி. குச்சியில் ஏறும்முன்கூட அது அலகால் தொட்டு, தாங்குமா என்று சோதிக்கும். அப்போது நீங்கள் விரலை வெடுக்கென்று இழுத்தால், இந்தக் குச்சி ஆடுகிற குச்சி என்று முடிவு கட்டிவிடும். அடுத்த முறை இன்னும் அழுத்திப் பிடிக்கும். விரலை அசைக்காமல் வையுங்கள். நிஜமாகவே ரத்தம் வருகிற மாதிரி கடித்தால், அதற்கு முன்பே அது விலகியிருக்கும், வாயைத் திறந்து காட்டியிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பட்ஜி பேசுமா? ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, சோழவந்தான்)

பேசும். அமெரிக்காவில் பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்கள் தெரிந்த பறவையாகக் கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது. நம் வீட்டுப் பறவை பெயர் சொன்னாலே பெரிது. பெரும்பாலும் ஆண்தான் பேசும். அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கிற சதையைப் பாருங்கள்: வளர்ந்த ஆணுக்கு நீலம், பெட்டைக்குப் பழுப்பு. முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் ஆணுக்கும் நீலம் வராமல் இளஞ்சிவப்பாகவே இருக்கலாம். பழக்குவதற்கு வாங்குகிறீர்கள் என்றால் நெற்றியில் மூக்குவரை வரி ஓடுகிற குஞ்சாகப் பாருங்கள். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிரும்போது அந்த வரி போய்விடும்.

தெருவில் திருவிழா. குழாய் ரேடியோ, வேட்டு. ராத்திரியில் கூண்டுக்குள் மோதிக்கொள்கின்றன. பழகிய பறவையும் இப்படிச் செய்யுமா? (வாசகி, மேலூர்)

செய்யும். எங்கள் செல்லூரில் நாளெல்லாம் தறிச்சத்தம். அதை என் பறவைகள் சட்டை செய்வதில்லை, ஒரே தாளமாக வருவதால். ஒரு தட்டு கீழே விழுந்தால் எல்லாம் பறந்துவிடும். திடீர்ச் சத்தமும் இருட்டும் சேர்ந்தால்தான் ஆபத்து. குச்சி தெரியாமல் முட்டி இறகு முறிந்துபோகும். வேட்டு போடுகிற நாட்களில் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மூன்று பக்கம் துணி போட்டு, ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். மோதத் தொடங்கினால் கையை உள்ளே விடாமல் விளக்கைப் போட்டு, எப்போதும் பேசுகிற குரலில் பேசுங்கள். அந்த அறையில் சாம்பிராணியும் கொசுவத்தியும் வேண்டாம்.

பனைமரப் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். பட்ஜியைவிட நன்றாகப் பழகுமாமே? (வாசகர், வாடிப்பட்டி)

வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.