செயலியில் இல்லை வினை

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கொழும்பில் முன்பு ஓடிய ட்ராம் வண்டிகளைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்காக எழுத ஆசை. இணையத்தில் காண்பதையெல்லாம் எனக்கே வட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறேன். ஸ்கிரீன்ஷொட் வேறு நூற்றுக்கணக்கில். எழுத உட்கார்ந்தால் தேடியது அகப்படுவதில்லை. நல்ல செயலி ஒன்று சொல்வீர்களா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: டீச்சர், செயலியில் இல்லை வினை. நானும் மாற்றி மாற்றிப் பார்த்தவன்தான். பின்னர் வாசிக்கலாமென்று பலர் கட்டுரைகளைப் போட்டு வைத்த 'பொக்கெட்' செயலியை, அதை நடத்திய மொசில்லா நிறுவனம் 2025 ஜூலையில் மூடிவிட்டது. இனி எதை நம்புவது?

உங்கள் ஸ்கிரீன்ஷொட்டில் படம் இருக்கிறது, அதை ஏன் எடுத்தீர்கள் என்பது இல்லை. எடுத்த நேரத்தில் அது மனதில் இருந்தது, மூன்று கிழமையில் போய்விட்டது. ஆகவே சேமிக்கும்போதே சொந்தத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். 'ட்ராம் 1899இல் தொடங்கி 1960இல் நின்றது. கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதை, பொரளைக்கு ஒன்று' என்கிற மாதிரி. கூடவே எங்கே கண்டது, எந்தத் தேதி, எத்தனையாம் பக்கம். ஒரு வரிகூட எழுதத் தோன்றாததைச் சேமிக்கவே வேண்டாம். கொஞ்சம் கடுமைதான், ஆனால் பாதிக் குப்பை குறையும்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி இன்னும் அவசியம். நம் ஊர்ப் பழைய பிடிஎப்களில் பல, ஆங்கில எழுத்துகளையே தமிழ் உருவில் காட்டும் 'பாமினி' என்ற பழைய எழுத்துருவில் இருப்பவை. திரையில் அழகான தமிழ், கொப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பிறகு 'ட்ராம்' என்று தேடினால் எப்படி வரும்? ஸ்கேன் செய்த பக்கம் பெரும்பாலும் வெறும் படம். எழுத்துக்கூட்டல் தொல்லை வேறு: டிராம், ட்ராம், ட்ராம்வே. தேடும்போது எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். குறிப்பில் மட்டும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான பக்கமென்றால் அதன் முகவரியை 'வேபேக் மெஷின்' தளத்தில் கொடுத்துப் பிரதி எடுத்து வையுங்கள். இலவசம்தான், எடுத்த தேதியும் பதிவாகும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தில் நம் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நிறைய உண்டு, அங்கும் ஒருமுறை தேடுங்கள்.

எங்கே எழுதுவது? போனில் குறிப்பெழுதும் 'கூகுள் கீப்' செயலியும் சரி, கையால் எழுதும் சீ.ஆர். கொப்பியும் சரி. கை எதற்குப் பழகியதோ அது. முதல் நாளே இருபது தலைப்புப் போட்டு உட்காராதீர்கள், குறிப்புகள் சேரச் சேரத் தலைப்பு தானே தெரியும்.

பழைய ஸ்கிரீன்ஷொட்களை நாளுக்குப் பத்தாகப் பாருங்கள். ஏன் எடுத்தோம் என்று நினைவு வராததை அழித்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. ட்ராமில் ஏறிய யாராவது உங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கக்கூடும். இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். அவரைப் பேசவைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். இந்தக் கிழமையே போங்கள், டீச்சர்.