பழைய கொலை வழக்கில் நம் ஊகத்துக்கு என்ன மதிப்பு?
"ஆளைப் பார்த்தாலே தெரிகிறதே, இவன்தான் செய்திருப்பான்" என்று துப்புத் துலங்காத பழைய வழக்குகளில் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திறந்தவெளியில் நடந்த கொலை வழக்கைப் பாருங்கள். 1992 ஜூலையில் 23 வயது ரேச்சல் நிக்கெல், இரண்டு வயது மகன் கண்ணெதிரிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அங்கே நாயோடு நடக்கப் போகும் ஒருவர் மேல் சந்தேகம். கொலையாளி எப்படிப்பட்ட குணமுள்ளவனாக இருப்பான் என்று நிபுணர் ஊகித்துத் தீட்டிய 'குற்றவாளிச் சித்திரத்துக்கு' அவர் பொருந்தினாராம்! பெண் போலீஸ் ஒருவர் காதலிபோல் நடித்து மாதக்கணக்கில் கடிதம் எழுதினார். கொலையை ஒப்புக்கொள்ளும் ஒரு வரிகூட வரவில்லை. 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கியெறிந்தார். ஊர் வாய் அடங்கியதா? இல்லை. கடைசியில் மரபணுச் சோதனை ராபர்ட் நாப்பர் என்ற வேறொருவனைக் காட்டியது, 2008இல் ஒப்புக்கொண்டான். இதற்குள், 1993இலேயே, இன்னொரு இளம் தாயையும் அவர் நான்கு வயது மகளையும் அவன் கொன்றிருந்தான்.