கார்க்கி பெயர் போன ஊர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். என் மகள் ரஷ்யாவில் நிஷ்னி நோவ்கோரத் என்ற ஊரில் மருத்துவம் படிக்கிறாள். வரும் ஜூலையில் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். சேர்க்கையின்போது ஊர் பெயரைக் கேட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் பழைய கார்க்கி நகரம் என்று போன மாதம் தற்செயலாகத் தெரிந்தது. கல்லூரி நாளில் புத்தக வேனில் வாங்கிய மக்சீம் கார்க்கியின் ‘தாய்’ நாவல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அப்பேர்ப்பட்ட மனிதரின் பெயரை எதற்காக எடுத்தார்கள்? நன்றிகெட்டதனம் இல்லையா? அவர் அடையாளம் அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா? எந்தத் தெரு, எந்த இடம் பார்க்கலாம் என்று சொன்னால் நல்லது. மகளைக் கேட்டால் கிரெம்ளின், ரோப் கார், மால் என்கிறாள்.

மு., கோவில்பட்டி

அன்புள்ள மு. சார்,

நன்றிகெட்டதனம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெயர் வந்த கதையைக் கேட்டால் நீங்களும் கொஞ்சம் யோசிப்பீர்கள். ஓகா ஆறு வோல்காவில் கலக்கும் இடத்தில் 1221இல் உண்டான ஊர் அது. எழுநூறு வருஷம் நிஷ்னி நோவ்கோரத் என்றே இருந்தது. 1932இல், கார்க்கி எழுத ஆரம்பித்து நாற்பது ஆண்டு ஆனதை சோவியத் அரசு தடபுடலாகக் கொண்டாடியது. அந்தச் சூட்டில் அவர் பிறந்த ஊருக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். மாஸ்கோவின் முக்கியமான தெருவுக்கும் அதே பெயர், அங்கிருந்த பெரிய நாடக அரங்குக்கும் அதே பெயர். மனிதர் அப்போது உயிரோடு இருக்கிறார்! கடித உறையில் ஊர் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரை எழுத வேண்டியிருப்பது சங்கடமாக இருக்கிறது என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். ஊர்க்காரர்களின் விருப்பத்தை யாரும் விசாரிக்கவில்லை. 1990இல் பழைய பெயர் திரும்பி வந்தது.

அந்த ஐம்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயரோடு வேறு விஷயங்களும் ஒட்டிக்கொண்டன. நீர்மூழ்கிக் கப்பலும் மிக் போர் விமானமும் செய்கிற ஊர் என்பதால் வெளிநாட்டவர் யாரும் உள்ளே வரக் கூடாது என்று மூடிவைத்தார்கள். அதையே வசதியாக்கிக்கொண்டு 1980 ஜனவரியில் ஆந்த்ரேய் சகாரவை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். சோவியத் ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியவர்களில் ஒருவர், 1975இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், ஆப்கன் போரைக் கண்டித்தவர். ககாரின் நிழற்சாலை 214ஆம் எண், தரைத்தள வீடு, வாசலில் இரவு பகலாகப் போலீஸ்காரர். தொலைபேசி கிடையாது. எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள் இருந்த பையே திருட்டுப்போனது, அதுவும் ஒரு தடவை அல்ல. அப்புறம் 1986 டிசம்பரில் ஒரு சாயங்காலம் ஆட்கள் வந்து, கேட்காமலே ஒரு தொலைபேசியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் அதில் பேசியவர் கொர்பச்சோவ். மாஸ்கோவுக்குத் திரும்பி வாருங்கள் என்றார். சகாரவ் நன்றி சொன்ன கையோடு சிறையில் இருக்கும் மற்றவர்களையும் விடுங்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். ஊரின் தென்கோடியில், ஷெர்பின்கி பக்கம். சுற்றிலும் அதே அச்சில் வார்த்த அடுக்குமாடிகள், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நேரம் ஒதுக்குங்கள். அந்த ஆறேழு வருஷமும் உலகப் பத்திரிகைகளில் ‘கார்க்கி’ என்றால் சகாரவை அடைத்துவைத்த ஊர் என்றுதான் அர்த்தம். ஊர்க்காரர்கள் பெயரை மாற்றிக்கொண்டதில் எழுத்தாளர் மேல் உள்ள கோபத்தைவிட இந்த மாதிரிச் சங்கதிகளுக்கு அதிகப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

வேடிக்கை என்னவென்றால், ஊர் உதறிய பெயரை மற்றதெல்லாம் விடாமல் வைத்திருக்கின்றன. மாஸ்கோவிலிருந்து கிழக்கே சுமார் 400 கிலோமீட்டர் ரயிலில் போவீர்கள் அல்லவா, அந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட ரயில்வேக்கு இன்றைக்கும் கார்க்கி ரயில்வே என்றுதான் பெயர். வோல்காவின் மேல்பக்கம் உள்ள பெரிய நீர்த்தேக்கம் கார்க்கி நீர்த்தேக்கம். ஃபோர்டு நிறுவனத்தின் உதவியோடு 1932இல் தொடங்கிய கார் ஆலை இன்னும் ‘காஸ்’தான். அதில் முதல் எழுத்து அவருடையது. 2012இல், அதாவது பெயரை எடுத்து இருபத்திரண்டு வருஷம் கழித்து, புதிதாகத் திறந்த மெட்ரோ நிலையத்துக்கு கார்க்கவ்ஸ்கயா என்று பெயர் வைத்தார்கள். மேலே ஏறி வந்தால் சதுக்கத்தில் நிற்பவரும் அவர்தான். வேரா முகினா வடித்த சிலை. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, ரொம்ப வீராப்பு.

அந்தச் சிலையில் நின்றுவிடாதீர்கள். நீங்கள் படித்த கார்க்கியை பச்தோவி சரிவில் தேட வேண்டும். மேட்டிலிருந்து வோல்காக் கரைக்கு இறங்கும் செங்குத்தான பாதை. அதன் ஓரத்தில் ஒரு மாடிகூட இல்லாத மரவீடு, அவருடைய தாத்தா காஷிரினின் வீடு. அப்பா அஸ்த்ரகானில் காலராவில் இறந்ததும் அம்மாவும் பாட்டியும் சிறுவன் அலெக்ஸேயைக் கப்பலில் வோல்கா வழியாகக் கூட்டிவந்தது இந்தக் குடும்பத்துக்குத்தான். தாத்தாவுக்குச் சாயப்பட்டறை. பையன் ஒருநாள் பண்டிகைக்கு விரிக்கிற வெள்ளை மேசைவிரிப்பை எடுத்துப்போய் நீலச் சாயத்தில் முக்கினான். நினைவு தப்பும் வரை அடித்தார் தாத்தா. சமையலறையில் அடி விழுந்த பெஞ்சையும் பிர்ச் மிலாறுகளையும் வைத்திருக்கிறார்கள். முற்றத்து வேலியில் கனமான ஓக் மரச் சிலுவை ஒன்று சாய்ந்து நிற்கும். அதைச் சுமக்கும்போதுதான் வேலைக்காரப் பையன் சிகனோக் நசுங்கிச் செத்தான். கார்க்கி தன் பால்யகாலத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அங்கே வழிகாட்டி தேவையில்லை. அறைகள் அவ்வளவு சிறியவை, கூரை அவ்வளவு தாழ்வு. இத்தனை பேர் இதற்குள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரிவில் அப்படியே கீழே இறங்கினால் கீழூர். இந்த ஊரே மேலூர், கீழூர் என்று இரண்டு. மேலே கிரெம்ளின் கோட்டை, தேவாலயம், அதிகாரிகள். கீழே படகுத்துறை, கிடங்கு, வியாபாரி, கூலியாள். பீட்டர்ஸ்பர்க் ரஷ்யாவின் தலை, மாஸ்கோ இதயம், நிஷ்னி அதன் சட்டைப்பை என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. மகாரியேவ் என்ற ஊரில் நடந்துவந்த பெரிய சந்தை 1816இல் தீயில் அழிந்தது. அடுத்த வருஷமே அதை ஓகாவின் எதிர்க்கரைக்கு மாற்றினார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கிச் சந்தைக்கான கட்டடங்களைத் திட்டமிட்டவர் பெத்தன்கூர் என்ற ஸ்பானியப் பொறியாளர். சீனத் தேயிலை, சைபீரிய ரோமம், பாரசீகத் துணி எல்லாம் அங்கே கைமாறின. சந்தையின் பெரிய மாளிகை இன்னும் இருக்கிறது. பக்கத்தில்தான் 2018 உலகக் கோப்பைக்குக் கட்டிய கால்பந்து மைதானம்.

அந்தப் பணத்தில் எழுந்த தெரு ரொஷ்தெஸ்த்வென்ஸ்கயா. ஸ்த்ரோகனவ் உப்பு வணிகக் குடும்பம் கட்டிய சிவப்பும் வெள்ளையுமான தேவாலயம் ஒன்று அங்கே உண்டு, கல்லில் பழக்குலைகளாகச் செதுக்கித் தள்ளியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அதே தெருவின் முனைப்பக்கம் வாருங்கள். செங்கல் கட்டடம் ஒன்று. மாவு வியாபாரி புக்ரோவ் குடும்பம் வீடில்லாதவர்கள் படுக்க 1883இல் கட்டிக்கொடுத்த இரவு விடுதி. வோட்கா குடிக்கக் கூடாது, பாட்டுப் பாடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, இதுதான் விதி. காலையில் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். பகல் முழுக்க, அதுவும் ரஷ்யக் குளிரில், எங்கே போவது? அதற்காக கார்க்கியும் நண்பர்களும் பக்கத்திலேயே பகல்நேரத் தேநீர்க்கடை ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். வாசல் தூண்களை வைத்து ‘தூண்கள்’ என்றே அதற்குப் பெயர். அவருடைய ‘அதலபாதாளம்’ நாடகத்தின் மாந்தர்கள் இந்த மாதிரி இடங்களில் உலவியவர்கள்தான். அதே கார்க்கி புக்ரோவோடு உட்கார்ந்து பேசவும் செய்தார், அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். ‘தாய்’ மட்டும் படித்தவர்கள் இந்த கார்க்கியைச் சந்திப்பதே இல்லை.

மேலூரில் நடக்க ஏற்ற தெரு பல்ஷாயா பொக்ரோவ்ஸ்கயா, வண்டிகள் கிடையாது. சோவியத் காலத்தில் அது ஸ்வெர்த்லோவ் தெரு. புரட்சித் தலைவர் யாகவ் ஸ்வெர்த்லோவ் இந்த ஊர்க்காரர். அப்பா முத்திரை செதுக்குபவர். அண்ணன் ஸினோவி கார்க்கியை ஞானத் தந்தையாக ஏற்று அவருடைய நிஜக் குடும்பப் பெயரான பெஷ்கோவ் என்பதையே எடுத்துக்கொண்டு, பிரான்சுக்குப் போய், முதல் உலகப் போரில் ஒரு கையை இழந்து, கடைசியில் பிரெஞ்சு ராணுவ ஜெனரல் ஆனார்! ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர். இதை வைத்து நம் சினிமாக்காரர்கள் நான்கு படம் எடுப்பார்கள்.

மகள் சொல்லும் கிரெம்ளினையும் பாருங்கள், தப்பில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கோட்டை, சிவப்புச் செங்கல், உள்ளே கறி வியாபாரி மினினின் கல்லறை. 1611இல் போலந்துக்காரர்கள் மாஸ்கோவைப் பிடித்து உட்கார்ந்திருந்தபோது ஊரில் பணம் திரட்டிப் படை கிளப்பியவர் அவர். படையை நடத்தியவர் இளவரசர் பஜார்ஸ்கி. இருவருக்கும் சேர்த்து வைக்க உத்தேசித்த சிலை மாஸ்கோ செஞ்சதுக்கத்துக்குப் போய்விட்டது. நிஷ்னிக்கு 1828இல் ஒரு தூண் கிடைத்தது. சிலையின் நகல் வந்து சேர 2005 ஆனது. கோட்டைக்கு வெளியே விமானி ச்காலவின் சிலை, அதன் கீழே வோல்கா வரை இறங்கும் படிக்கட்டு. இரு பக்கமும் சேர்த்து 560 படி. முழங்கால் வலி இருந்தால் மேலே நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ரோப் கார் உங்கள் விருப்பம்.

இன்னொரு இடம், மகளுக்கே தெரியாமல் இருக்கலாம். குலிபின் பூங்கா. முன்பு இடுகாடு. இவான் குலிபின் இந்த ஊரில் 1735இல் பிறந்த கடிகாரக்காரர். பள்ளிக்கூடம் அறியாத மேதை. முட்டை வடிவில் அவர் செய்த கடிகாரம் மகாராணி காத்தரீனுக்குப் போனது, இப்போது பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜில் இருக்கிறது. நேவா ஆற்றைத் தூணே இல்லாமல் ஒரே வளைவில் தாண்டும் மரப்பாலத்துக்கு மாதிரி செய்து காட்டினார். பாராட்டினார்கள், பாலத்தைக் கட்டவில்லை. 1818இல் வறுமையில் இறந்தார். அவர் கல்லறை இருக்கும் அதே பூங்காவில் கார்க்கியின் பாட்டி அக்குலீனாவின் கல்லறையும் இருக்கிறது. அத்தனை கதைகளையும் அந்தப் பையனுக்குச் சொன்ன பாட்டி. உங்களுக்கு நான் ஒரே ஒரு இடம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக ‘தாய்’. அந்த நாவலின் ஊற்று சொர்மோவோ, நகரத்தின் வடமேற்கில் கப்பல் கட்டும் ஆலையைச் சுற்றி வளர்ந்த பகுதி. 1902 மே தின ஊர்வலத்தில் செங்கொடி பிடித்துப் போய்க் கைதான பியோத்ர் சலோமவ்தான் நாவலில் வரும் மகன் பாவெலுக்கு மூலம். அவருடைய அம்மா அன்னாதான் தாய் நீலவ்னாவுக்கு மூலம். நாவலில் தாயை ரயில் நிலையத்தில் போலீஸ்காரர்கள் பிடித்து அடிப்பதோடு கதை முடிகிறது. நிஜத்தில் அன்னா புரட்சியையும் பார்த்து, 1938 வரை இருந்தார், கார்க்கியைவிட இரண்டு வருஷம் அதிகமாக. சலோமவ் சைபீரிய நாடுகடத்தலிலிருந்து தப்பினார். அதற்குப் பணம் அனுப்பியவர் கார்க்கி. 1955 வரை வாழ்ந்தார்.

அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று படம் எடுக்கும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள், ராணுவ வேலை நடக்கும் இடம், மகளின் விசாவுக்கு வம்பு வரக் கூடாது. தெருக்களில் நடந்துவிட்டு இருட்டுமுன் திரும்புங்கள். ஜூலையில் அங்கே இருட்ட இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகும்.

அன்புடன்