பேக்கேஜின் வெர்ஷன் எண்ணில் எதைப் பார்க்க வேண்டும்?

கே: உபுண்டு 22.04 லினக்ஸ் சர்வர். அதில் இருக்கும் என்கிரிப்ஷன் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2 பழசு, ஆபத்து என்று பாதுகாப்பு ஸ்கேனர் சிவப்பில் காட்டுகிறது. எத்தனை அப்டேட் போட்டாலும் அதே 3.0.2தான்!

ப: முழு எண்ணையும் பாருங்கள், 3.0.2-0உபுண்டு1.10 என்ற மாதிரி நீளமாக இருக்கும். கடைசிச் சிறுகோட்டுக்கு (-) முன்னால் இருப்பது மென்பொருளை எழுதியவர்கள் வைத்தது, பின்னால் இருப்பது உபுண்டுக்காரர்கள் வைத்தது. பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் இவர்கள் பெரும்பாலும் புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் கொண்டுவர மாட்டார்கள், அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய நிரலில் ஒட்டுப்போடுவார்கள், அதனால் தலை அசையாது, வால் மட்டும் வளரும். உங்கள் ஸ்கேனர் தலையை மட்டும் பார்த்துக் கத்துகிறது. ரிப்போர்ட்டில் உள்ள சிவிஇ எண்ணை (ஓட்டைக்குத் தரும் பொது அடையாள எண்) பேக்கேஜின் சேஞ்ச்லாகில், அதாவது மாற்றப் பட்டியலில் தேடுங்கள், இருந்தால் அதையே ஆடிட்டரிடம் காட்டிவிடலாம். (நான் இதற்காக ஒரு நாள் முழுக்க வாதாடியிருக்கிறேன்.)

கே: 1.9 பெரிதா, 1.10 பெரிதா?

ப: 1.10. இது தசமம் இல்லை. 9ஐயும் 10ஐயும் ஒப்பிடுங்கள், போதும்.

கே: தூரத்து மெஷினில் லாகின் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் எண்ணுக்கு முன்னால் ‘1:’ எதற்கு? பேக்கேஜ் வரும் டெப் ஃபைலின் பெயரில் அது இல்லையே?

ப: அது எபாக். ஃபைல் பெயரில் போட மாட்டார்கள். 20230115 என்று தேதியை எண்ணாக வைத்திருந்தவர் திடீரென்று 1.0க்கு மாறினால் புதியது சின்னதாகத் தெரியுமே, அப்போது முன்னால் 1: போட்டால் பின்னால் என்ன இருந்தாலும் அதுதான் பெரிது. ஒருமுறை போட்டால் எடுக்க முடியாது, அதனால் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸ்காரர்கள் ரொம்பவே யோசிப்பார்கள்.

கே: ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் பேக்கேஜில் ‘5.6.1+ரியலி5.4.5-1’ என்று பார்த்தேன். எதுதான் உண்மை?

ப: உள்ளே இருப்பது 5.4.5. 5.6.0, 5.6.1 இரண்டிலும் யாரோ திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தது 2024 மார்ச் கடைசியில் வெளியே வந்தது, எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் குடைந்ததால். டெபியனின் சோதனைக் கிளையான அன்ஸ்டேபிளில் அதற்குள் 5.6.1 போய்ச் சேர்ந்திருந்தது. பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் தானாகச் சின்ன எண்ணுக்கு இறங்காது, அப்புறம் என்ன, பழசையே பெரிய எண் மாட்டி அனுப்பினார்கள்.

கே: 2.0~ஆர்சி1இல் (2.0க்கு முந்தைய சோதனை வெளியீடு) அந்த அலைக்கோடு?

ப: அது வந்தால் வெறும் 2.0ஐவிடச் சின்னது. அதை விட்டுவிட்டு 2.0ஆர்சி1 என்று போட்டால் அது 2.0ஐவிடப் பெரிதாகிவிடும், அசல் 2.0 வந்தாலும் உங்கள் மெஷினில் ஏறாது. சந்தேகமென்றால் டிபிகேஜி என்ற பேக்கேஜ் கருவியின் கம்பேர்-வெர்ஷன்ஸில் கொடுத்துப் பாருங்கள், ஆனால் அது திரையில் எதுவும் சொல்லாது, முடியும்போது அது திருப்பித் தரும் எண் (எக்ஸிட் கோட்) 0 என்றால் நீங்கள் கொடுத்த ஒப்பீடு சரி.