ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறவருக்கு மாணவர் முகாமில் புதிதாக என்ன கிடைக்கும்?

வாரந்தோறும் ஆலயத்துக்குப் போகிற எனக்கு, வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம்வரை நடக்கும் கிறிஸ்தவ மாணவர் முகாமில் என்ன கிடைத்துவிடப் போகிறது, உணர்ச்சிவசப்பட வைத்து ஏதாவது தீர்மானம் எடுக்கச் சொல்வார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். மாணவனாக முகாமுக்குப் போனவன், இப்போது ஏலகிரியில் நடக்கும் முகாமில் ஒரு சிறு குழுவைக் கவனித்துக்கொள்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் சிறப்புச் செய்தியாளர் யார் என்று பார்த்துப் போக வேண்டாம். குழு வேத ஆராய்ச்சிக்காகப் போங்கள்.

ஆலயத்தில் போதகர் பேசுவார், நாம் கேட்போம். பிரசங்கத்தின் நடுவே எழுந்து "ஐயா, இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல வழியில்லை. முகாமில் எட்டுப் பத்துப் பேர் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே பகுதியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிவரியாக வாசிப்பார்கள். சென்ற முகாமில் எங்களுக்கு மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம். கப்பர்நகூம் என்ற ஊரில் ஒரு திமிர்வாதக்காரனை, அதாவது உடல் முடங்கிப் படுக்கையில் கிடந்தவனை, நான்கு பேர் இயேசுவிடம் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல் மேற்கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டுப் பழகிய கதை என்பதால் யாரும் அதிகம் பேசவில்லை. முதலாண்டு மாணவன் ஒருவன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அண்ணா, படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே. அவனுக்கு விசுவாசம் இருந்ததா?"

எல்லோரும் மறுபடியும் வேதாகமத்தைப் புரட்டினோம். தம்பி சொன்னது சரி. கூரை வழியாக இறங்கியவன் வாய் திறந்ததாக அந்தப் பகுதியில் எங்குமே இல்லை. அப்போதுதான் அந்த மாணவன் மெதுவாகச் சொன்னான்: அப்பா இறந்த நாளிலிருந்து தன்னால் ஜெபிக்க முடியவில்லை, ஆலயத்தில் வெறுமனே உதட்டை அசைக்கிறேன் என்று. செவிலியர் படிப்பில் இறுதியாண்டில் இருந்த ஒரு சகோதரி, "உன்னால் முடிகிறவரை நீ சும்மா இரு தம்பி, உனக்காக நாங்கள் ஜெபிக்கிறோம்" என்றாள். மீதிக் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டோம். அந்தக் குழு இன்றும் ஞாயிறு இரவுகளில் போனில் கூடி ஜெபிக்கிறது. அவனும் வருகிறான், பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறான்.

இன்னொன்றும் முக்கியம். நம் ஆலயத்தில் நம்மைப் போன்றவர்களையே பார்க்கிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. முகாமில் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குழு பிரிப்பார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என எல்லாச் சபையாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே குழாயடியில் தட்டு கழுவுவார்கள். விசுவாசம் பற்றிய எந்தச் செய்தியைவிடவும் இது எனக்குப் பெரியது. இந்தியாவில் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912இல் தொடங்கியது, யு.இ.எஸ்.ஐ. என்கிற இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியம் 1954இல் உருவானது. இரண்டும் வெவ்வேறு போக்கு உடையவை என்றாலும் சபைப் பிரிவுகளைத் தாண்டி மாணவர்களைக் கூட்டியவை.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை இரவு பாட்டு, தங்கள் விசுவாச அனுபவத்தைச் சிலர் சொல்லும் சாட்சி, அதன்பின் "அர்ப்பணிக்கிறவர்கள் முன்னே வாருங்கள்" என்ற அழைப்பு பல முகாம்களில் உண்டு. அங்கே சிந்தும் கண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் உண்மை இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் தூக்கம் கெட்ட இரவில் யாரையும் அவசரப்படுத்துவது தவறு. மனம் ஒப்பவில்லை என்றால் இருந்த இடத்திலேயே இருங்கள். மறுநாள் காலை, தனியாக வேதம் வாசித்து ஜெபிக்கும் அமைதி வேளைக்குப் பிறகு குழுத் தலைவரிடம் தனியாகப் பேசுங்கள். முன்னே வந்தவர்களைக் கணக்கெடுத்துவிட்டு, திங்கட்கிழமை அவர்கள் எந்த ஜெபக்குழுவுக்குத் திரும்புகிறார்கள் என்று விசாரிக்காத முகாமை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பெயர் கொடுக்குமுன் இதை அமைப்பாளர்களிடம் நேரடியாகவே கேளுங்கள்.

ஏலகிரி என்றால் ஜோலார்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். இரவில் குளிரும், கம்பளி அவசியம். சில முகாம்களில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் அச்சிட்ட வேதாகமத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஞாயிறு ஆராதனையில் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) இருந்தால், திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெறாதவர்கள் பங்கெடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டச் சிரமம் இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எங்கள் முகாமில் பழைய மாணவர்கள் தரும் பணத்தில் அதற்கென ஒரு பங்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம்.