கடை வாசலும் நிலைப்படியும்: ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டவை

சுன்னாகத்தில பாமசி போடுறன் அண்ணை. வாசல் 4 அங்குலம் உயரம். வீல்செயருக்கு ஒரு பலகை வைச்சால் போதுமோ?

எவ்வளவு நீளப் பலகை தம்பி? 1:12 சரிவெண்டால், அதாவது ஒரு அங்குலம் ஏற 12 அங்குல நீளம், 4 அங்குலம் ஏற 4 அடி வேணும். ரெண்டடிப் பலகையில தனிய ஏறுறவர் பின்பக்கம் கவிழலாம். அந்த 4 அடியை றோட்டுக்கு நீட்டாதேங்கோ, கதவை உள்ளுக்கு எடுங்கோ. சரிவு முடிய 5 அடி சமதரையும் விடுங்கோ. சரிவில நிண்டு ஒரு கையால சில்லைப் பிடிச்சு மற்றக் கையால கதவை இழுக்கேலாது. நிலைப்படிக்கு அமெரிக்க விதியில அரை அங்குலம்தான் உச்சம். கால் அங்குலத்தைத் தாண்டினால் விளிம்பை 1:2 சரிவாச் சீவ வேணும். வீல்செயரின்ர முன்னுக்கு இருக்கிற சின்னச் சில்லு அரை அங்குலத்துக்கு மேல லேசில ஏறாது, முட்டிக்கொண்டு நிண்டிடும். முக்கியம்: சரிவுக்குப் பளபள டைல்ஸ் போடாதேங்கோ.

இலங்கையில இதுக்குச் சட்டம் இருக்கோ?

மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைகளுக்கான 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், 2006 அணுகல் ஒழுங்குவிதிகள். படம் கீற முதல் வாசியுங்கோ.

நிலைப்படி இல்லாட்டி லட்சுமி தங்காது. மாரியில வெள்ளமும் வருமே ஐயா?

வெள்ளத்தைப் படி மறிக்காது. றோட்டுக்கு ஒவ்வொருக்கா காபெற் (தார்) போடேக்கையும் அது உயருது, உங்கட படி பதியுது. கதவுக்கு வெளியில குறுக்க தண்ணி ஓட ஒரு கான், மேல இடைவெளி குறைஞ்ச கம்பிமூடி, 50க்கு 1 வெளிச்சரிவு. அதுதான் மறிக்கும். லட்சுமிக்கு, படியைத் தரைமட்டமாப் புதையுங்கோ. நல்ல நேரம் பாத்து நிலை வையுங்கோ, மஞ்சள் குங்குமமும் பூசலாம்.

புதைச்ச படியைச் சனம் மிதிக்குமே, பாவமில்லையோ?

இப்ப என்ன, பறந்தே வருகினம்? ஜெய்ப்பூர்க் காலோட, அதாவது செயற்கைக் காலோட, நடக்கிறவருக்கு ஒரு அங்குலப் படியே காணும், தடக்கி விழ. எங்கட ஊரில அப்பிடியானவை எத்தினை பேரெண்டு நான் சொல்ல வேணுமே?

அண்ணை, 6 அங்குலப் படிக்குப் பலகை…

முதல் பதில். 4ஐ 6 ஆக்கி வாசியுங்கோ.

வீட்டுக் குளியலறைக்கு?

இன்னொரு நாள்.

பாவமில்லையோ எண்டு கேட்டவன்தான் ஐயா. படியைப் புதைக்க வீட்டில சம்மதம். சரிவுக்கு டைல்ஸும் வாங்கியாச்சு, கண்ணாடி மாதிரி.

திருப்பிக் குடுங்கோ.