வாசகர் கேள்வி – பதில்: கண்டறிந்ததும் கற்றறிந்ததும்

கேள்வி: முதுகலைத் தமிழ் படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு நெய்தல் திணைப் பாடல்களை எடுத்திருக்கிறேன். உரைகளை ஒழுங்காகப் படித்தாலே போதும், மீன் ஏலத்தில் நின்று குறிப்பெடுப்பதெல்லாம் இலக்கிய ஆய்வாகாது என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்த இடத்தின் அனுபவம் இந்த ஆய்வுக்கு உதவாதா?
(ஒரு மாணவி, காசிமேடு)

பதில்: நிச்சயமாக உதவும். நற்றிணையின் 45-ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கொடி பறக்கும் தெருக்களும் தேரும் உடைய பழைய ஊரின் செல்வர் மகன் ஒருவன் கடற்கரைச் சிறுகுடிப் பெண்ணை நாடி வருகிறான். தோழி குறுக்கே நின்று பேசுகிறாள். இவள் மீன்பிடிப்பவர் மகள், சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அழகு எதற்கு, எங்கள் மேல் புலால் நாறுகிறது, எட்டியே நில் என்கிறாள். தலைவனின் வேண்டுகோளுக்கு உடனே இசையாமல் தோழி அவனைத் தள்ளிவைக்கும் துறை (பாடல் நிகழும் சூழல்) என்று இதனை வகுத்திருக்கிறார்கள். அந்த வகுப்பை அறியாமல் பாடலுக்குள் போனால் தோழியின் சாமர்த்தியம் நமக்குப் பிடிபடாது. ஆனால், புலால் நாறுகிறது என்று ஒரு பெண் தானே முந்திக்கொண்டு சொல்வதற்கு முன்பு அதை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பாள் என்பதைத் துறைக் குறிப்பு சொல்லாது. அதை அறிந்துகொள்ள உங்களுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு மூடிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அம்மாக்களைக் கவனித்திருப்பீர்கள். நடத்துநர் வாய் திறப்பதற்கு முன்பே, "ஓரமா வச்சிக்கிறேன் கண்ணு, தண்ணி சொட்டாது" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். 2021 டிசம்பரில், கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய மூதாட்டி ஒருவரை வாடை வீசுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பதும், அதற்காகப் பேருந்துப் பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள் என்பதும் செய்தித்தாள்களில் வந்தவைதாம்.

இதற்காக நற்றிணைத் தோழியும் காசிமேட்டு அம்மாவும் ஒருவரே என்று எழுதிவிடாதீர்கள். இடையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. உங்கள் அனுபவம் அந்தப் பாடலிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தரும். விடையைப் பாடலிலிருந்தும் உரையிலிருந்தும் நீங்கள்தாம் எடுக்க வேண்டும். உடன் படிப்பவர்களுக்கு உ.வே.சாமிநாதையரை நினைவூட்டுங்கள். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, சமண சமயச் செய்திகள் விளங்காமல் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீட்டுப் படியேறிக் கேட்டார். அவர் போனபோது அங்கே சிந்தாமணியையே ஆறு மாத காலம் பாடம் கேட்டு நிறைவு செய்திருந்தார்கள். சுவடிகளை ஒப்புநோக்கிய அதே அக்கறையுடன் அவர் அந்த வீடுகளிலும் கேட்டு அறிந்த பிறகுதான் 1887-இல் நூல் வெளிவந்தது. அவரே செய்ததை நீங்கள் செய்தால் அது ஆய்வாகாது என்று யார் சொல்ல முடியும்?

கேள்வி: வடசென்னையைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுத விரும்புகிறேன். நான் அங்கே பிறந்தவனல்லன். 'வாழாதவனுக்கு எழுத உரிமையில்லை' என்று நண்பர் ஒருவர் சொன்னது மனத்தை உறுத்துகிறது. அவர் சொல்வது சரியா?
(ஒரு வாசகர், தியாகராய நகர்)

பதில்: உரிமை என்று பேசத் தொடங்கினால் பாரதியாரின் கரும்புத் தோட்டப் பாடலையும் விலக்கிவைக்க வேண்டியிருக்கும். அவர் பிஜித் தீவில் கால் வைத்தவரல்லர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் துயரம் செய்தியாகவே அவரை எட்டியது. தாம் பார்த்ததாக அவர் அந்தப் பாடலில் பாவனை செய்யவில்லை. அந்தப் பெண்களின் அழுகுரலைக் கேட்டிருப்பாயே, சொல் என்று காற்றிடம் கேட்கிறார். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத அந்த நேர்மையே பாடலுக்கு அத்தனை வலுவைத் தருகிறது என்பது என் எண்ணம்.

ஆனால் ஒரு பாடலைத் தாங்கும் தூரம் ஒரு நாவலைத் தாங்காது. நாவலுக்கு மனிதர்கள் காலையில் என்ன செய்கிறார்கள், யாரிடம் கடன் வாங்குகிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் வேண்டும். ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். உப்பளத்தில் கூலி வேலை செய்தவரல்லர். தூத்துக்குடிக்குப் போய், உப்பளத் தொழிலாளர்களிடம் பேசி, அவர்கள் வேலை செய்யும் வெயிலில் தாமும் நின்று பார்த்த பிறகுதான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். அவருடைய பல நாவல்கள் இப்படிப் போய்க் கண்டு எழுதியவைதாம். பிறப்பால் வாய்க்காத அனுபவத்தை உழைத்துப் பெற முடியும் என்பதற்கு தமிழில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

போய்ப் பார்ப்பதில் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். எந்தச் சின்ன விஷயம் ஒருவரை வதைக்கிறது என்பது கிடைக்கும். பெரம்பூர் பகுதி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவரான பி.பி.வாடியா, பம்பாயிலிருந்து வந்த பார்சி. அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். ஆலை வாழ்க்கைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொழிலாளர்கள் அவரிடம் சொன்ன குறைகளில் முக்கியமான ஒன்று, நண்பகலில் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது. கூலி, வேலை நேரம் என்று பொதுவாகப் பேசத் தெரிந்த எவருக்கும் அது தானாகத் தோன்றியிருக்காது. அவசரமாகச் சோற்றை விழுங்கிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பியவர்களுக்கு மட்டுமே தெரிந்த வேதனை அது. வாடியா அதைக் காது கொடுத்துக் கேட்டார், கோரிக்கையாக்கினார்.

உங்களிடம் ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கத்தியையும் பழிவாங்கலையும் தேடி வடசென்னைக்கு வராதீர்கள். அந்தக் கதைகள் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சொல்லப்பட்டு, வேலைக்கு விண்ணப்பிக்கும் எங்கள் பிள்ளைகள் வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று முகவரி எழுதவே தயங்கும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. வாடகைக்கு ஓர் அறை எடுத்துச் சில மாதங்கள் தங்குங்கள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல், குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்கும் போக முடியாமல் நிற்கும் ஒரு பெண்ணின் காலைப் பொழுது முழுவதையும் உடனிருந்து பாருங்கள். எழுதி முடித்த பிறகு, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களில் சிலருக்காவது படித்துக் காட்டுங்கள். இது பொய் என்று அவர்கள் சொல்லும் பக்கங்களைத் திருத்த மனமிருந்தால், உரிமையைப் பற்றிய உறுத்தலை விட்டுவிடலாம்.

கேள்வி: எங்கள் ஆறு கெட்டது எங்களுக்குத்தான் தெரியும். ஆய்வு செய்கிறவர்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள். அனுபவித்தவன் சொல் போதாதா? அறிக்கை எதற்கு?
(ஒரு மீனவ இளைஞர், எண்ணூர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, தம்பி. பனையோலைப் பறியை, அதாவது பிடித்ததைப் போடும் கூடையை, பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு, அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் எங்கே படிந்திருக்கிறது என்பது கை பட்ட மாத்திரத்தில் தெரியும். இடுப்பளவுத் தண்ணீர் இருந்த இடம் முழங்காலளவாகிவிட்டதை எந்தக் கருவிக்கும் முன்னால் சொன்னவர்கள் நீங்கள்தாம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் வந்து கழிமுகத்தில் படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டபோதும் முதலில் கண்டவர்கள் நீங்களே.

ஆனாலும் அந்தச் சாம்பலில் என்னென்ன உலோகங்கள் இருக்கின்றன, மீன் வழியாக உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பதைக் கை சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். மீனவர் தரப்பு தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் ஆற்றைச் சீரமைக்க ஆணையிட்டதற்கு உங்கள் சாட்சியமும் வேண்டியிருந்தது, வல்லுநர் குழுவின் அறிக்கையும் வேண்டியிருந்தது. ஆகவே அறிக்கை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதன் தமிழ்ப் படியைக் கேளுங்கள். உங்களிடம் தகவல் வாங்கிச் சென்றவர்கள் திரும்பி வந்து, ஊர்க்கூட்டத்தில் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பதை முதல் நாளே நிபந்தனையாக வையுங்கள். அதற்கிடையில் ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, எந்த இடத்தில் எந்த மீன், எந்த ஆண்டுவரை கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.